ஒருவர் தோளில் ஒரு சபையா?

தியானப் பகுதி: யாத்திராகமம் 18:13-26; அப்போஸ்தலர் 6:1-7



பிரியமானவர்களே, ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் போதகர் நாளைக்கே வியாதிப்பட்டு ஆறு மாதம் படுக்கையில் கிடந்தால், உங்கள் சபை நடக்குமா? ஞாயிறு ஆராதனையைக் கேட்கவில்லை. அதற்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியரை அழைத்துவிடலாம். புதிதாக ஊருக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வாலிபனை யார் விசாரிப்பார்? புருஷன் குடித்துவிட்டு அடித்தால் அந்தச் சகோதரி ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்குப் போன் பண்ணுவாள்? காணிக்கைக் கணக்கு யார் கையில் இருக்கும்? சபை இடத்தின் பத்திரம் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றுக்கும் “அது பாஸ்டருக்குத்தாங்க தெரியும்” என்பதே பதிலானால், நாம் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறோமே தவிர, எழுப்புதல் வந்தால் தாங்குவதற்கு ஆயத்தப்படவில்லை என்று அர்த்தம். பேதுருவுக்கு மீன் அகப்பட்ட நாளில் வலை தாங்கவில்லை, பக்கத்துப் படகில் இருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டிக் கூப்பிட வேண்டியதாயிற்று (லூக். 5:6-7). கூப்பிட அன்றைக்கு ஆள் இருந்தார்கள். நமக்கு இருக்கிறார்களா?

எத்திரோ கண்ட காட்சி

வனாந்தரத்தில் மோசேயைப் பார்க்க அவருடைய மாமனார் எத்திரோ வந்தார். மறுநாள் காலையில் அவர் கண்டது என்ன? மோசே உட்கார்ந்திருக்கிறார். ஜனங்கள் காலை முதல் சாயங்காலம் வரை அவரைச் சுற்றி நிற்கிறார்கள். பார்க்கிறவர்கள், “ஆஹா, எப்பேர்ப்பட்ட ஊழியம்! எவ்வளவு கூட்டம்!” என்று சொல்லியிருப்பார்கள். எத்திரோ அப்படிச் சொல்லவில்லை. இது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்றார்.

கவனியுங்கள். மோசே பாவம் ஒன்றும் செய்யவில்லை. சோம்பேறியாக இருக்கவில்லை. தேவ ஜனத்துக்கு உழைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அது நல்லதல்ல! ஏன்? களைத்துப்போகிறது அவர் மட்டும் அல்ல, வரிசையில் நிற்கிற ஜனமும்தான். ஒரு விதவை காலையில் வந்து நிற்கிறாள். பொழுது சாய்கிறது. அவள் முறை வரவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். மோசேக்கு அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எத்திரோ சொன்ன வழி: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்து. எகிப்திலிருந்து புறப்பட்ட புருஷர் ஏறக்குறைய ஆறு லட்சம் (யாத். 12:37). கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்கு ஒருவர் என்றால் 60,000 பேர். ஐம்பதுக்கு ஒருவர் 12,000 பேர். நூறுக்கு 6,000. ஆயிரத்துக்கு 600. மொத்தம் 78,600 பொறுப்பாளர்கள்! நேற்றுவரை ஒரே ஒரு மோசே. அந்த 78,600 பேரும் நேற்றும் அதே பாளயத்தில்தான் இருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கும் நான்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது: திறமை, தேவபயம், உண்மை, பண ஆசை இல்லாமை. வசதியுள்ளவரா, நன்றாகப் பாடுகிறவரா, போதகருக்குச் சொந்தமா என்று அங்கே கேட்கப்படவில்லை.

ஆவி குறைந்துபோகவில்லை

“பொறுப்பைப் பங்கு போட்டால் அபிஷேகம் குறைந்துபோகாதா?” என்று சிலர் பயப்படுகிறார்கள். எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பாரம் தாங்க முடியாமல் மோசே கர்த்தரிடத்தில் அழுகிறார், சாவையே கேட்டுவிடுகிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுபது மூப்பரைக் கூட்டிவரச் சொல்லி, மோசேயின்மேல் இருந்த ஆவியை அவர்கள்மேலும் வைத்தார். எல்தாத், மேதாத் என்ற இரண்டு பேர் கூடாரத்துக்கு வராமல் பாளயத்திலேயே இருந்தார்கள். அவர்கள்மேலும் ஆவி இறங்கிற்று! யோசுவாவுக்குப் பொறுக்கவில்லை, தடுத்துவிடும் என்கிறார். மோசேயோ, எனக்காக நீ பொறாமைப்படுகிறாயா என்று கேட்டு, ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளாக இருக்கக்கூடாதா என்று ஏங்குகிறார்.

ஒரு விளக்கிலிருந்து எழுபது விளக்கு ஏற்றினாலும் முதல் விளக்கின் வெளிச்சம் குறையாது. பெந்தெகொஸ்தே சபையார் என்று சொல்லிக்கொள்ளுகிற நாம் இதை முதலாவது விசுவாசிக்க வேண்டாமா? மேல்வீட்டறையில் அக்கினிமயமான நாவுகள் பேதுருவின் தலையில் மட்டுமா அமர்ந்தது? கூடியிருந்த ஒவ்வொருவர்மேலும் அமர்ந்தது! அல்லேலூயா!

பந்தியில் விடுபட்டவர்கள்

எருசலேம் சபையில் முதல் முறுமுறுப்பு எப்படி வந்தது தெரியுமா? உபதேசத்தில் அல்ல, சாப்பாட்டில். கிரேக்க மொழி பேசின விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டுப்போனார்கள். யாரும் வேண்டுமென்று விட்டதாக எழுதப்படவில்லை. சபை பெருகிற்று, கண் எட்டவில்லை. அப்போஸ்தலர் பன்னிரண்டு பேர் இருந்தும் எட்டவில்லை!

அப்போது அவர்கள் செய்ததைப் பாருங்கள். குறை சொன்னவர்களைக் கலகக்காரர் என்று ஒதுக்கவில்லை. சபையாரையே கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! எந்தப் பக்கத்து ஜனம் விடுபட்டதோ, அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே பாத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். விளைவு? தேவவசனம் பரவிற்று, சீஷர்கள் பெருகினார்கள் என்று ஏழாம் வசனம் சாட்சி சொல்லுகிறது.

திருப்பூர் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் உண்டா? இங்கே யாருக்கு இது சொந்த ஊர்? தேனியிலிருந்து வந்தவர்கள், மதுரையிலிருந்து வந்தவர்கள், திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து பெட்டியோடு இறங்கினவர்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகளும் பனியன் கம்பெனிகளில் நம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள். அதிலே சிலர் நம் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவராவது நம் சபையின் பொறுப்பில் உண்டா? அல்லது பொறுப்பு எல்லாம் ஒரே ஊர்க்காரர், ஒரே சாதிக்காரர், ஒரே குடும்பத்தார் கையில்தானா?

அந்தியோகியா சபையின் தலைமைக் குழுவைப் பாருங்கள் (அப். 13:1). பர்னபா சீப்புருத் தீவுக்காரர். நீகர் என்னப்பட்ட சிமியோன், அந்தப் பெயரே கறுப்பு என்று பொருள்படுகிறது. லூகி ஆப்பிரிக்காவிலுள்ள சிரேனே ஊரான். மனாயீன் ஏரோதின் அரண்மனையில் வளர்ந்தவர். சவுல் தர்சுவில் பிறந்தவர். ஐந்து பேரில் ஒருவரும் அந்த ஊரில் பிறந்தவராகச் சொல்லப்படவில்லை! நம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிற கூட்டம் மாதிரி இருக்கிறது. அந்தக் குழு உபவாசித்து ஜெபித்தபோதுதான் ஆவியானவர் பேசினார். சுவிசேஷம் தேசங்களுக்குப் புறப்பட்டது.

சியோல் பட்டணத்தின் பாடம்

தென்கொரியாவில் பால் யாங்கி சோ என்ற போதகரைப் பற்றி நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்கிறோம். 1958-ல் சியோல் பட்டணத்தின் ஏழைப் பகுதியில் ஒரு கூடாரத்தில் ஊழியத்தை ஆரம்பித்தார். 1964-ல் சபை ஏறக்குறைய 2,400 பேராகப் பெருகிற்று. பிரசங்கம், வீடு சந்திப்பு, ஞானஸ்நானம், ஆலோசனை எல்லாம் அவரே. இருபத்தெட்டு வயது வாலிபன்தான். ஆனாலும் சரீரம் விட்டுக்கொடுத்துவிட்டது. ஊழியத்தின் நடுவிலேயே சுருண்டு விழுந்தார். படுக்கையில் கிடந்தபோதுதான் எத்திரோவின் ஆலோசனை அவருக்கு உயிருள்ள வார்த்தையாயிற்று.

வீடுகளில் சிறு குழுக்களை நடத்தும்படி முதலில் சபையின் ஆண் பொறுப்பாளர்களைக் கேட்டார். வேலை அதிகம், எங்களுக்கு அனுபவம் இல்லை என்று அவர்கள் தயங்கினார்கள். பிறகு சபையின் பெண்களைக் கேட்டார். அந்தக் காலத்துக் கொரியாவில் பெண் முன்னின்று நடத்துவது வழக்கமில்லாத காரியம். அந்தச் சகோதரிகள், செய்கிறோம் ஐயா என்று எழுந்தார்கள். அந்த வீட்டுக் குழுக்களிலிருந்துதான் சபை பெருகி, பின்னாட்களில் ஏழு லட்சம் அங்கத்தினரைத் தாண்டி, உலகத்திலேயே பெரிய சபை என்று பேர்பெற்றது.

சகோதரிகளே, இது உங்களுக்குத்தான். ரோமர் 16-ஐ வாசித்தால் பெபேயாள், பிரிஸ்கில்லாள், பெர்சியாள் என்று பவுல் பெயர் பெயராகச் சொல்லி வாழ்த்துகிறார். செக்கிங் டேபிளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸைப் பார்த்துத் தள்ளுகிற உங்களுக்கு, பத்து வீட்டை விசாரிக்கத் தெரியாதா?

நம்முடைய தமிழ் மண்ணில்

கொரியா தூரம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர் நம் பெந்தெகொஸ்தே பிரிவைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் அவரிடம் கற்க வேண்டியது நிறைய. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டி இந்தியாவுக்கே ஊழியரை அனுப்பித் தாங்குகிறதைக் கண்டார். நம் திருநெல்வேலியில் இத்தனை சபைகள் இருந்தும் நாம் ஒருவரையும் அனுப்பவில்லையே என்று அவர் இருதயம் குத்துண்டது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஜனம், நம் காணிக்கை, நம் நிர்வாகம் என்ற தீர்மானத்தோடு, நிஜாம் சீமையிலிருந்த தோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள்.

1912-ல் அசரியா தோர்னக்கலின் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்த ஸ்தானத்துக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அங்கே அவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் தொட்டது. ஞானஸ்நானம் எடுக்கிற ஒவ்வொருவரும், எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக் கிராமத்தாரும், தன் தலைமேல் தன் கையை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று அறிக்கைபண்ணும்படி செய்வார். ஞானஸ்நானத் தொட்டியே வேலைக்குச் சேருகிற வாசல்! கிராமம் கிராமமாக உபதேசியாரும் அவர் மனைவியும் சேர்ந்து ஊழியம் செய்தார்கள். 1945 ஜனவரி 1-ல் அசரியா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அந்தத் திருமண்டலத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான விசுவாசிகள் இருந்தார்கள். இது ஒரு மனுஷன் தனியே சுமந்த வேலை அல்ல.

செக்கிங் இல்லாத கம்பெனி உண்டா?

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. மருந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சோ ஐயாவின் சரித்திரம் வளர்ச்சியோடு முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். முடியவில்லை. 2002-ல் அவருடைய மகனிடமிருந்த பங்குகளைச் சந்தை விலைக்கு மிக அதிகமான விலையில் சபைப் பணத்தால் வாங்கினதில், ஏறக்குறைய 1,300 கோடி வான் சபைக்கு நஷ்டம் உண்டாயிற்று. சபையின் மூப்பர்களில் சிலரே புகார் கொடுத்தார்கள். 2014-ல் சியோல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2021-ல் அவர் காலமானார்.

ஒரு மூத்த ஊழியரின் குறையைப் பேசி மகிழ்வதற்காக இதை எழுதவில்லை. ஜெபத்தையும் விசாரிப்பையும் ஆயிரக்கணக்கான பேருக்குப் பகிர்ந்து கொடுத்த அதே சபையில், பணத்தின் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு நிற்கவில்லை. வீட்டுக் குழுவைப் பார்த்துக் கற்ற நாம் இதையும் பார்த்துக் கற்க வேண்டும்.

நம் ஊர் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டி-சர்ட் எத்தனை கை மாறி வருகிறது? நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, கட்டிங் மாஸ்டர் வெட்டி, ஓவர்லாக் டெய்லர் தைத்து, கைமடி அடுக்கிக் கொடுத்து, செக்கிங், அயர்ன், பேக்கிங். செக்கிங் அம்மா ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கிறார். “என்மேல சந்தேகமா?” என்று எந்த டெய்லராவது சண்டைக்கு வருகிறாரா? வரமாட்டார். செக்கிங் இல்லாமல் போன பெட்டி கப்பலேறித் திரும்பி வந்தால் எல்லாருக்கும் நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். கம்பெனியில் ஒத்துக்கொள்ளுகிற இந்த நியாயத்தைச் சபையில் சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

பவுல் அப்போஸ்தலன் கோபப்படவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தனியே கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. சபைகளால் நியமிக்கப்பட்ட சகோதரரைக் கூடவே வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் காரியம் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் கவனம் (2 கொரி. 8:18-21). பவுலுக்கே சாட்சிகள் வேண்டியிருந்தால் நாம் எம்மாத்திரம்?

“அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே” என்ற வார்த்தையை எடுத்துக் கேள்வி கேட்கிறவர் வாயை அடைப்பதும் நடக்கிறது. அந்தச் சங்கீதப் பகுதி பரதேசிகளாகத் திரிந்த முற்பிதாக்களைக் கர்த்தர் ராஜாக்களின் கைக்குத் தப்புவித்ததைப் பாடுகிறது (சங். 105:12-15). சபைக் கணக்கு கேட்பதை அது தடுக்கவில்லை. தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தான். நாத்தான் போய் அவன் முகத்துக்கு நேரே பேசவில்லையா? கோராகைப் போலக் கலகம் பண்ணாதே என்பார்கள் (எண். 16). கோராகு கேட்டது நாற்காலி. எருசலேம் விதவைகள் கேட்டது சோறு. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

நம் சபையில் என்ன செய்யலாம்?

1. பத்து வீட்டுக்கு ஒரு விசாரிப்புக்காரர். அனுப்பர்பாளையம், வீரபாண்டி, நல்லூர், மங்கலம், பெருமாநல்லூர் என்று விசுவாசிகள் குடியிருக்கிற பகுதிப்படி பிரியுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்கு வெளியே வருகிறவர்களைப் பஸ் ஏற்றி ஆலயத்துக்கு வரச்சொன்னால் வரமுடியாது. அவர்கள் தெருவிலேயே, வாரத்தில் ஓர் இரவு முக்கால் மணி நேரம் போதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பெனிகளும் ஆலயங்களும் பூட்டப்பட்டபோது இதன் அருமை தெரிந்தது. சிறு குழு உள்ள இடங்களில் யார் வீட்டில் அரிசி இல்லை என்று பக்கத்துத் தெரு விசுவாசிக்குத் தெரிந்திருந்தது. ஞாயிறு கூட்டம் மட்டுமே சபை என்றிருந்த இடங்களில் பெயர்கூடத் தெரியாமல் எத்தனையோ பேர் பசியோடு ஊர் திரும்பினார்கள்.

2. சோதித்துப் பார்த்து ஏற்படுத்துங்கள். புதிதாக வந்தவரை உடனே மேலே தூக்கி வைக்க வேண்டாம், முன்னதாகச் சோதிக்கப்படட்டும் என்பதே வேத ஒழுங்கு (1 தீமோ. 3:6,10). ஆறு மாதம் ஒரு சிறிய வேலை கொடுங்கள். செருப்பு அடுக்குகிறதில் உண்மையாயிருக்கிறாரா பாருங்கள். வீட்டில் மனைவி பிள்ளைகளிடம் எப்படி என்று விசாரியுங்கள். கம்பெனி சூப்பர்வைசரிடமும் கேட்கலாம், தப்பில்லை.

3. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் இருக்கட்டும். நம் நொய்யல் ஆற்றை மறந்துவிட வேண்டாம். ஒவ்வொரு சாயப்பட்டறையும் தன் சாயத்தை அழகாகப் போட்டது. கழிவுத் தண்ணீர் முழுசாகச் சுத்தமாகிறதா என்பதை முடிவுவரை பார்க்கிற ஆள் இல்லாமற்போயிற்று. விவசாயிகள் நிலம் கெட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் பொதுவான வேலை, ஒருவரும் செய்யாத வேலையாகிவிடும். எருசலேம் அலங்கத்தை நெகேமியா கட்டினபோது, இன்னார் இந்த வாசல், இன்னார் தன் வீட்டுக்கு எதிரான பகுதி என்று மூன்றாம் அதிகாரம் முழுவதும் பெயர்ப் பட்டியல்தான் (நெகே. 3). வியாதியஸ்தர் சந்திப்பு யார்? புதியவர்களை வரவேற்பது யார்? இந்தி பேசுகிற விசுவாசிகளுக்கு மொழிபெயர்ப்பு யார்? எழுதி ஒட்டுங்கள்.

4. வேலையோடு அதிகாரத்தையும் கொடுங்கள். பொறுப்பு அவருக்கு, முடிவு மட்டும் எனக்கு என்றால், அவர் ஆறே மாதத்தில் சோர்ந்துபோவார். சின்னக் காரியங்களைத் தலைவர்களே தீர்த்தார்கள், கடினமானது மட்டும் மோசேயிடம் வந்தது. போதகரின் இடம் அதனால் குறையவில்லை. ஜெபத்துக்கும் வசனத்துக்கும் நேரம் கிடைத்தது.

5. பணம் ஒருவர் கையில் இருக்க வேண்டாம். காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் சேர்ந்து எண்ணி, கையெழுத்துப் போடட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை சபையார் முன்னிலையில் வரவு செலவு வாசிக்கப்படட்டும். சபைக்காக வாங்கின இடம் தனி மனிதர் பேரில் அல்ல, முறைப்படி பதிவு செய்த சபை டிரஸ்ட்டின் பேரில் இருக்கட்டும். டிரஸ்டிகள் எல்லாரும் ஒரே வீட்டார் என்றால், அது டிரஸ்ட் அல்ல, ரேஷன் கார்டு! ஊழியர் மரித்த பிறகு வாரிசுகளுக்கும் சபைக்கும் கோர்ட்டில் வழக்கு; ஜெபித்த ஜனம் வெளியே நிற்கிறது. இப்படிப்பட்ட கண்ணீர்க் காட்சிகளை நாம் பார்க்கவில்லையா?

6. கமிட்டிச் சண்டைக்கு இடம் கொடாதிருங்கள். குழு என்றவுடனே கட்சி கட்டுவது, ஓட்டுச் சேர்ப்பது, பேச்சு வார்த்தையை நிறுத்துவது என்று போனால் அது ஆவிக்குரிய குழு அல்ல. முதன்மையாயிருக்க விரும்பின தியோத்திரேப்புவை யோவான் கடிந்துகொண்டார் (3 யோவா. 9). மாதம் ஒரு தடவை குழு முழுவதும் உபவாசித்து ஜெபிக்கட்டும். அதன் பிறகு பேசட்டும். அந்தியோகியா ஒழுங்கு அதுதான்.

விசுவாசிகளுக்கு ஒரு வார்த்தை

இதுவரை தலைவர்களுக்குச் சொன்னதுபோல இருந்தாலும், பாதிப் பொறுப்பு உங்களிடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தபோது குழுத் தலைவர் வந்தார், ஜெபித்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தார், ராத்திரி துணைக்கும் உட்கார்ந்தார். டிஸ்சார்ஜ் ஆன பிறகு நீங்கள் சொல்லுவது என்ன? “சபையிலிருந்து யாருமே வந்து பார்க்கலைங்க!” பாஸ்டர் வரவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்லுகிறீர்கள். அப்படியானால் ராத்திரி உட்கார்ந்திருந்த அந்தச் சகோதரன் யார்? அவன் சபை இல்லையா? அவன் ஜெபம் பரலோகத்துக்கு எட்டாதா? அந்த ஒரு வார்த்தையில் அவன் மனம் எவ்வளவு உடைந்திருக்கும்!

உங்களுக்குள்ளே பிரயாசப்படுகிறவர்களை மதித்து, அவர்கள் வேலையினிமித்தம் அன்பாக எண்ணிக்கொள்ளும்படி பவுல் கேட்டுக்கொள்ளுகிறார் (1 தெச. 5:12-13). மேடையில் நிற்கிறவருக்கு மட்டும் சொன்ன வார்த்தை அல்ல அது.

இன்னும் சிலர், “நமக்கு எதுக்குங்க இந்தப் பொறுப்பெல்லாம், காலையில எட்டரைக்குப் போனா ராத்திரிதான் வீடு” என்று ஒதுங்குகிறீர்கள். உங்கள் களைப்பு கர்த்தருக்குத் தெரியும். உங்களை ஏழு நாளும் ஓடச்சொல்லவில்லை. பத்து வீடு. வாரத்தில் ஓர் இரவு. ஒரு போன், ஒரு விசாரிப்பு, முழங்காலில் பத்து நிமிஷம். எல்லாரும் கொஞ்சம் சுமந்தால் யாரும் நசுங்க மாட்டார்கள்.

எபேசுவில் பவுல் மூன்று வருஷம் கண்ணீரோடு ஊழியம் செய்தார். பிரிகிற நாளில், இனி என் முகத்தைக் காணமாட்டீர்கள் என்று சொன்னபோது எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் (அப். 20:17-38). பவுல் போய்விட்டார். சபை போகவில்லை. ஏன்? அவர் கூப்பிட்டுப் பேசினது ஒரு வாரிசை அல்ல, அந்தச் சபையின் மூப்பர்கள் எல்லாரையும். மந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்துவிட்டு, அவர்களைத் தேவன் கையில் ஒப்புவித்துவிட்டுப் போனார்.

நம் போதகர்களுக்கும் பிரிகிற நாள் ஒன்று வரும். அந்த நாளிலும் வீரபாண்டித் தெருவில் விளக்கு எரியவேண்டும். அந்த விதவையின் வீட்டுக் கதவை ஒருவர் தட்டவேண்டும். அதற்கு ஆட்களை இப்போதே கூப்பிட வேண்டும். ஏற்கெனவே கர்த்தர் அவர்களை நம் பாளயத்தில் வைத்திருக்கிறார்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, ஒருவர்மேல் ஏற்றிய பாரத்தை நாங்கள் பகிர்ந்து சுமக்கக் கற்றுத்தாரும். எங்கள் ஊழியர்களுக்குச் சரீர பெலன் தாரும். விடுபட்டவர்களைக் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்மேலும் உமது ஆவியை ஊற்றும். பணத்திலும் பேச்சிலும் எங்களைச் சுத்தமாய் வைத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.